பர்ஸானாவின் விளம்பரங்கள்

போன மாதம் ஒருநாள் அதிகாலைச் சுபஹு தொழுகை முடிந்து வெளியே வரும்போதுதான் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பர்ஸானா இறந்துவிட்ட ஜனாஸா அறிவித்தல் கேட்டது. நோய் வருத்தத்தில் கிடந்தவர்தான்; ஆனாலும் செருப்பைக்கூடப் போடாமல் வாசலிலேயே நின்றுவிட்டேன். அவரோடு வேலை செய்த உங்களுக்கு நான் ஒன்றை ஒளிக்க முடியாது. அவர்மேல் எனக்குப் பொறாமை இருந்தது. நீங்களும் கண்டுதான் இருப்பீர்கள்.

கைக்குழந்தையாக மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர். கற்பிட்டியில் எங்கள் நண்டுத் தொழிற்சாலை தொடங்கியபோது ஆட்சேர்ப்பு என் பொறுப்பில் இருந்தது. ‘தகுதியும் திறமையும் வாய்ந்த விண்ணப்பதாரிகளிடமிருந்து விண்ணப்பங்கள் கோரப்படுகின்றன’ என்று எழுதி ஒட்டினேன். வந்தது என் மச்சான் ஒருவன்தான்.

எனக்கு உதவியாளராக வந்த பர்ஸானா அதைக் கழற்றிவிட்டு வேறொன்று எழுதினார். ‘குளிர் அறையில் நாள் முழுக்க நிற்க வேண்டும். நண்டு ஓடு விரலைக் கிழிக்கும். தொழுகைக்கு நேரம் உண்டு. மேற்பார்வையாளர் வேலைக்கு உள்ளே இருப்பவர்களைத்தான் முதலில் பார்ப்போம்.’ இதைப் படித்தால் யார் வருவார்கள் என்று சிரித்தேன்.

“உள்ளதச் சொன்னா வாறவங்க நிப்பாங்க நானா. மறச்சா ஒரு கிழமையில ஓடிருவாங்க” என்றார். அண்ணன் முறையில் என்னை ‘நானா’ என்றுதான் கூப்பிடுவார்.

வந்தார்கள், நின்றார்கள். அவர்களில் பலர் இன்று நம் மேற்பார்வையாளர்கள். எனக்கு வயிறு எரிந்தது.

பிறகு நண்டு தரும் பங்காளர்களாகப் படகுக்காரர்களைச் சேர்க்க வேண்டியிருந்தது. அவரை முந்திவிடும் அவசரத்தில் நான் உடப்பு மீனவக் கிராமத்துக்கு ஓடினேன். அங்கே கோயிலில் கொடியேறி, ஊரே மீன் மச்சம் விலக்கி விரதம் இருந்தது. அந்த நேரத்தில் போய் நண்டுப் படம் போட்ட விளம்பரத்தை நீட்டினேன். மரியாதையாகத் தேத்தண்ணி தந்து அனுப்பிவைத்தார்கள். பர்ஸானா திருவிழா முடியும்வரை காத்திருந்து போனார். அவருடைய தாளில் இரண்டே வரி: ‘எடை உங்கள் கண்முன்னால் போடப்படும். ஒரு நண்டைத் திருப்பி அனுப்பினாலும் காரணம் சொல்வோம்.’ எனக்குத் தேத்தண்ணி தந்த அதே படகுச் சம்மாட்டிதான் முதலில் சேர்ந்தார். அன்று பர்ஸானா என்னிடம், “எழுத முந்தி அவங்கட நாளப் பாக்கணும் நானா” என்று மட்டும் சொன்னார். கேலி செய்திருந்தால் சண்டை பிடித்திருக்கலாம். அதற்கும் அவர் இடம் தரவில்லை.

அடுத்த வருடம் என் பொறுப்பு அவருக்குப் போனது. நான் அவருக்குக் கீழே வேலை செய்தேன். வீட்டில் ஒரு மாதம் யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

போன கிழமை முகாமையாளர் என்னைக் கூப்பிட்டு, பர்ஸானாவின் இடத்துக்கு விளம்பரம் எழுதச் சொன்னார். நான் விண்ணப்பிப்பது அவருக்குத் தெரியும். எழுத வேறு ஆள் இல்லை. பழையபடி ‘தகுதியும் திறமையும்’ என்று எழுதினால் ஒருவரும் வரமாட்டார்கள், அவர் இருந்த கதிரை தானாக எனக்கு வந்துவிடும். அப்படித்தான் எழுதினேன். மேசையில் வைத்துப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன்: ‘இந்த இடத்தில் இருந்தவர் மிகத் திறமைசாலி. கொஞ்சக் காலத்துக்கு எல்லோரும் உங்களை அவரோடு ஒப்பிடுவார்கள். உங்களோடு வேலை செய்யப்போகிறவர்களில் ஒருவர் பொறாமைக்காரர். ஆனால் வேலை தெரிந்தவர்.’

பர்ஸானாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பழக்கம் ஒன்றுதான். உள்ளதை எழுதுவது. நல்லவர்களாக ஏழு பேர் விண்ணப்பித்திருக்கிறார்கள். எட்டாவது ஆள் நான். திங்கட்கிழமை நேர்முகப் பரீட்சை. எனக்குப் பயமாக இருக்கிறது.