சோப்பு சாரின் கேள்விப் பெட்டி

பள்ளியில் எல்லோரும் அவரைச் சோப்பு சார் என்றுதான் சொல்வார்கள். இருபது வருஷம் விசில் ஊதிய விளையாட்டு ஆசிரியர். முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்ததும், யாரும் சீண்டாத நலவாழ்வுப் பாடத்தை அவர் தலையில் கட்டினார்கள். கை கழுவுவது, பல் துலக்குவது, கோபம் வந்தால் பத்து வரை எண்ணுவது. நகம் வெட்டச் சொல்லிக்கொடுக்க ஒரு வாத்தியாரா என்று கணக்கு டீச்சர் அவர் காதுபடவே சொல்வார். தேர்வு நெருங்கினால் சாரின் வகுப்பைக் கேட்காமலே கணக்குக்கு எடுத்துக்கொள்வார். சார் சிரித்து வைப்பார். ஆனால் பிள்ளைகளுக்கு நிஜமாகவே உதவுகிற பாடம் தன்னுடையதுதான் என்று உள்ளுக்குள் ஒரு கர்வம். அந்தக் கர்வத்துக்குக் காரணம் ஒரு பிஸ்கட் டப்பா.

மூடியில் கீறல் போட்ட டப்பா. வாய்விட்டுக் கேட்க முடியாததைச் சீட்டில் எழுதி அதில் போடலாம். பெயர் வேண்டாம், கையெழுத்து தெரியாமலிருக்க இடது கையால் எழுத வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு சீட்டை உரக்கப் படிப்பார். ஐந்தாம் வகுப்பு மொத்தமும் சேர்ந்து விடை தேடும்.

அந்த வெள்ளிக்கிழமை வந்த சீட்டில் எழுத்து நண்டு ஊர்ந்ததுபோல் இருந்தது. அப்பாவுக்கு வேலை போய்விட்டது, ஆனால் தினமும் ஆபீஸுக்குப் போவதுபோல் கிளம்பி, பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், அம்மாவிடம் சொல்லலாமா? சார் அதை முதலில் மனதுக்குள் படித்தார். அப்போதே மடித்துப் பையில் போட்டிருக்கலாம். எட்டு வருஷத்தில் இப்படி ஒரு நல்ல கேள்வி வந்ததில்லை என்று தோன்றிவிட்டது. உரக்கப் படித்தார்.

மனதை அழுத்தும் ரகசியத்தைப் பெரியவர்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று போன மாதம்தான் நடத்தியிருந்தார். பிள்ளைகள் அதை அப்படியே ஒப்பித்தார்கள். சொல்லலாம் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னார். ஜன்னலோரம் ஒருத்தி மட்டும் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, தூக்கமா? ஏதாவது ஒரு பக்கம் இருக்கணும்ல."

அவள் கை காது வரைக்கும்தான் உயர்ந்தது.

பின்வரிசையில் இருந்த கண்டக்டர் மகளுக்கு அந்தப் பெஞ்சும் தெரியும், அதில் உட்காரும் மனிதரையும் தெரியும். அவள் கெட்டவளில்லை. படித்த பாடத்தை நிறைவேற்றினாள். அன்று சாயங்காலமே இரண்டு தோழிகளைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு ஜன்னலோரத்துக்காரியின் வீட்டு வாசலில் நின்று, வகுப்பில் வந்த சீட்டு உட்பட எல்லாவற்றையும் அவள் அம்மாவிடம் சொன்னாள். உள்ளே, அப்போதுதான் வந்த அப்பா சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை அந்த அம்மா பள்ளிக்கு வந்தாள். சண்டை போடுவாள் என்று சார் எதிர்பார்த்தார். அவள் குரலே உயரவில்லை.

"எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா சார்? மூணு மாசமா தெரியும். தெரிஞ்சேதான் தினம் டிபன் கட்டிக் குடுத்தேன். ஆபீஸ்ல என்ன விசேஷம்னு கேட்பேன், அவரும் ஏதாவது கதை சொல்வாரு. அந்தக் கதையிலதான் மனுஷன் நிமிர்ந்து நடமாடிக்கிட்டிருந்தாரு. பிள்ளைங்க வாசல்ல நின்னு சொன்னப்புறம் நான் எப்படித் தெரியாத மாதிரி இருக்கிறது?"

சார் வாயெடுத்தார்.

"இப்ப என்ன பண்ணலாம்னு அதையும் கை தூக்கச் சொல்லிக் கேளுங்க" என்றுவிட்டுப் போனாள்.

உண்மையைச் சொல் என்று போதிப்பது சுலபம். ஒரு வீடு எந்தப் பொய்யின்மேல் நிற்கிறது என்பது அந்த வீட்டுக்காரர்களுக்குத்தான் தெரியும். அதை சார் தெரிந்துகொள்ள ஒரு மனிதர் தலைகுனிய வேண்டியிருந்தது. தலைமையாசிரியையோ, பாடம் பிள்ளைகளிடம் எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கிறது பாருங்கள் என்று பாராட்டி, ஆய்வுக்கு வரும் அதிகாரிகளுக்குக் காட்ட எழுதித் தரச் சொன்னார்.

அன்று பள்ளி விட்டதும் சார் அந்த வீட்டுக்குப் போனார். மனிதர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மகள் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். சார் மன்னிப்புக் கேட்டார். அந்தப் பெண்ணிடமும் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகிறேன் என்று எழுந்தபோதுதான் அந்த மனிதர் திரும்பினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வேண்டாம் சார். அந்தச் சீட்டை எழுதினது யாருன்னு எங்களுக்குத் தெரியாதுன்னு அவ நம்பிக்கிட்டிருக்கா. அதையாவது விட்டுவைங்க."