நான் சீரியஸாக இருந்த மூன்று நாட்கள்

ஞாயிற்றுக்கிழமை பகல் மணி பன்னிரண்டு நாற்பது. எல்லாம் கெடத் தொடங்கியது அப்போதுதான். பன்னிரண்டரைக்கு அடிக்க வேண்டிய தொலைபேசி பத்து நிமிடமாகியும் அடிக்கவில்லை.

என் மகள் சட்டம் படித்து முடித்த கையோடு பாலஸ்தீனத்துக்குப் போயிருந்தாள். மேற்குக் கரையில் ஒரு சின்ன நகரம். அங்கே மனித உரிமை அலுவலகம் ஒன்றில் ஆறு மாதம் சம்பளமில்லாத பயிற்சி. வீட்டை இழந்தவர்கள், தோட்டத்தை இழந்தவர்கள், மகனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று வருபவர்கள் சொல்வதையெல்லாம் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து கோப்பில் வைப்பது அவள் வேலை. தங்கியிருந்தது பக்கத்துக் கிராமத்தில், ஒரு குடும்பத்தோடு. அந்த வீட்டுத் தொலைபேசியில் உள்ளூர் மட்டும்தான் பேச முடியும். அதனால் ஞாயிறு காலை அலுவலகம் போனதும் அங்கிருந்து எங்களுக்கு அடிப்பாள். மூன்று நிமிடம். ‘சாப்பிட்டியா’ என்று நான் இரண்டாம் முறை கேட்பதற்குள் முடிந்துவிடும்.

நான் பள்ளியில் புவியியல் ஆசிரியை. கண்ணை மூடிக்கொண்டு கரும்பலகையில் மேற்கு ஆசியா வரைவேன். ஆனால் அந்த வருடம் எட்டாம் வகுப்பில் அந்தப் பாடம் வந்தபோது, சாக்பீஸ் ஜோர்டான் ஆற்றங்கரையில் நின்றுவிட்டது. ஒரு மாணவி எழுந்து, “மேடம், உடம்பு சரியில்லைங்களா?” என்று கேட்டாள்.

முந்தின நாள் வானொலிச் செய்தியில் அந்தப் பக்கம் ஏதோ சில ஊர்களில் ஊரடங்கு என்று சொல்லியிருந்தார்கள். எந்த ஊர் என்று சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் பம்பு கம்பெனியில் வரைபடம் போடுபவர்; வாய் திறந்து பயப்படத் தெரியாது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ரிசீவரை எடுத்து, லைன் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வைப்பார்.

“எடுத்து எடுத்துப் பாத்துட்டிருந்தா அது எப்படிங்க அடிக்கும்?”

“டோன் வருது” என்றார் நிம்மதியாக.

ஒன்றே கால் மணிக்கு நான் செய்யக் கூடாததைச் செய்தேன். தொண்டாமுத்தூரில் இருக்கும் என் அண்ணனைக் கூப்பிட்டு, “பாப்பாகிட்ட இருந்து இன்னும் போன் வரலைங்ணா” என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் ஒருவருக்கு ஒன்று என்றால் தொலைபேசியில் விசாரிப்பது மரியாதைக் குறைவு. நேரில் வர வேண்டும். கையில் ஹார்லிக்ஸோ ஆரஞ்சோ இருக்க வேண்டும். வந்ததும் தண்ணீர் வாங்கிக் குடித்து, சற்று நேரம் தரையைப் பார்த்துவிட்டு, அதன் பிறகுதான் “என்னங்க இப்படி ஆயிப்போச்சு” என்று தொடங்கலாம். வந்தவருக்கு முழுக் கதையையும் முதலிலிருந்து சொல்லி, காப்பி கொடுத்து அனுப்புவது வீட்டில் இருப்பவர்கள் கடமை. இரண்டு மணிக்கு அண்ணனும் அண்ணியும் ஒரு குலை இளநீரோடு வந்து இறங்கினார்கள். வரும் வழியில் நான்கு வீடுகளில் வண்டியை நிறுத்திச் சொல்லியிருந்தார்கள். மூன்று மணிக்கு எங்கள் வாசலில் முப்பது ஜோடி செருப்பு.

என் வீட்டுக்காரரின் சித்தப்பா, பல் இல்லாத வாயோடு, முதலில் கேட்டார். “அங்க என்ன வெள்ளாமைங்க அம்மணி?”

“ஒலிவ மரங்க மாமா. ஆலிவ்னு சொல்வாங்க. எண்ணெய் ஆட்டுவாங்க.”

“எத்தனை வருசத்துல காய்க்கும்?”

எனக்குத் தெரியும். பாடப்புத்தகத்தில் இருந்து அல்ல, மகளின் கடிதத்தில் இருந்து. கூட்டத்தை அமைதிப்படுத்தலாம் என்று நினைத்து அந்தக் கடிதத்தை எடுத்து உரக்கப் படித்தேன். காய்க்க ஐந்தாறு வருடம் ஆகுமாம். பாதை போடுவதற்காக ராணுவம் பிடுங்கிப்போட்ட மரங்களைப் பற்றி ஒரு பெரியவர் வந்து வாக்குமூலம் கொடுத்தாராம். எத்தனை மரம் என்று இவள் கேட்டிருக்கிறாள். அவர் எண்ணிக்கை சொல்லாமல், ஒவ்வொரு மரமாக, இது என் அப்பா வைத்தது, இது என் கல்யாணத்து வருடம் வைத்தது என்று சொல்லிக்கொண்டே போனாராம். இவளுக்குத் தட்டச்சு இயந்திரத்தில் மூன்று தாள் ஆகியும் முடியவில்லையாம்.

கூடம் அமைதியாகிவிட்டது. நான் எதிர்பார்த்த அமைதி இல்லை அது.

“காய்க்கற மரத்தையா?” என்றார் அண்ணன். அவருக்கு ஆறு ஏக்கர் தென்னை. “காய்க்கற மரத்தைப் புடுங்குவாங்களா?”

“ஆமாங்ணா.”

“நம்ம ஊருல ஆனை வந்து பத்து மரத்தைச் சாய்ச்சுபோட்டுப் போகுது. அது ஆனை. வெடி போட்டா ஓடிரும். இவனுகளுக்கு என்னத்தைப் போடறது?” அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “மரத்துக்கே அந்தக் கதின்னா, பொட்டப்புள்ளைக்கு அங்க என்ன வேலைங்கறேன்?”

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. உடனே நான்கு பெண்கள் என்னைத் தூக்காத குறையாகக் கொண்டுபோய்ப் படுக்கையில் கிடத்தினார்கள். அண்ணி கதவைச் சாத்தி, மின்விசிறியை ஐந்தில் வைத்து, என் காலைத் தேய்த்தாள். எனக்குக் காலில் ஒன்றுமில்லை. சொன்னால் கேட்கவில்லை. தேய்த்த தேய்ப்பில் தூங்கிவிட்டேன்.

விழித்தபோது மணி ஆறு. கூடத்தில் இரண்டாம் சுற்றுக் காப்பி ஓடிக்கொண்டிருந்தது.

“போன் வந்துச்சுங்களா?” என்றேன்.

“வந்துச்சே” என்றார் அண்ணன். “நாலு மணிக்கே வந்துச்சு. அவ ஆபீஸ்காரன் ஒருத்தன். மாப்பிள்ளை காப்பிக்குப் பால் வாங்கப் போயிருந்தாரு, நான்தான் எடுத்தேன். அவ இருக்கற ஊருல ஊரடங்காம், வெளிய வர முடியலையாம், நல்லா இருக்கறாளாம், ஊட்டுல வெசனப்பட வேண்டாம்னு சொல்லச் சொன்னாளாம்.”

“இதை ஏனுங்ணா என்னை எழுப்பிச் சொல்லலை?”

“அசந்து தூங்கிட்டிருந்தே அம்மணி. அதுமில்லாம, அந்தாளு பேசறதுக்கு நான் ஒண்ணும் சொல்லாம வெச்சா நல்லா இருக்குமா? சொல்ல வேண்டியதை நானே சொல்லிப்போட்டேன்.”

“என்ன சொன்னீங்க?”

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். ஆனால் இந்த ஆங்கிலம் எங்கள் ஊரில் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் தெரியும். ஓடிப்போன மகனை, பட்டாளத்தில் இருக்கும் மருமகனை, லீவு கிடைக்காத குமாஸ்தாவை வரவழைக்க, தந்தி ஆபீசில் தலைமுறை தலைமுறையாக எழுதிக் கொடுத்த வாசகம் அது.

“மதர் சீரியஸ். ஸ்டார்ட் இம்மீடியட்லி.”

கூடத்தில் இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். சரியான வேலை என்ற பாராட்டு அது. நான்தான் உட்கார இடம் தேடினேன். ஏனென்றால் அந்த வாசகத்தின் அர்த்தம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். உண்மையிலேயே உடம்பு முடியாதவர்களுக்கு யாரும் சீரியஸ் என்று தந்தி கொடுப்பதில்லை. வருகிறவர் வழியில் உடைந்துவிடக் கூடாது என்பதற்காக, செத்துப்போனவர்களைத்தான் சீரியஸ் என்போம். என் மாமியார் போன அன்று என் வீட்டுக்காரருக்கும் இதே வாசகம்தான் போனது. ஈரோட்டில் ரயில் ஏறும்போதே அவர் அழுதுவிட்டார். அவர் மடியில் வளர்ந்த மகளுக்கு இது தெரியாதா?

“அண்ணா, என்னைச் சாகடிச்சுட்டீங்களே!”

“அட, அப்படிச் சொன்னாத்தான் கெளம்புவா. வந்து பாத்தா நீ குத்துக்கல்லாட்ட நிப்பே. சந்தோசம்தானே?”

எங்கள் தொலைபேசியில் வெளிநாட்டுக்கு அடிக்கும் வசதி இல்லை. நானும் என் வீட்டுக்காரரும் உக்கடம் பேருந்து நிலையத்துக்கு எதிரில் இருந்த ஐ.எஸ்.டி. தொலைபேசி பூத்துக்கு ஓடினோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அலுவலகத்தில் யாரும் எடுக்கவில்லை. மறுநாள் பகல் மறுபடி போனேன். ஒரு பெண் எடுத்தாள். மென்மையான குரல். என் மகளின் பெயரைச் சொன்னதும், உங்கள் குடும்பத்துக்கு நேர்ந்த இழப்புக்கு நாங்கள் எல்லோரும் மிகவும் வருந்துகிறோம் என்றாள் ஆங்கிலத்தில்.

“நன்றி” என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டேன்.

“நீங்கள் அவளுக்கு என்ன உறவு?”

“அம்மா.”

கண்ணாடிக்குப் பின்னால் மீட்டர் மட்டும் சிவப்பு எழுத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

“அம்மா என்றால்... வேறொரு அம்மாவா?”

“இல்லை. அதே அம்மா. ஒரே ஒரு அம்மாதான்.”

“ஆனால் உங்கள் சகோதரர்...”

“என் சகோதரர்தான் காரணம்.”

“ஐயோ, சகோதரரா இறந்தது?”

“இல்லை! அவர் காப்பி குடித்துக்கொண்டிருக்கிறார்!”

எட்டாம் வகுப்பில் பருவக்காற்றை விளக்குவது போல நிறுத்தி நிறுத்தி விளக்கினேன். புரிந்ததும் அந்தப் பெண் அவள் மொழியில் கடவுளை இரண்டு முறை கூப்பிட்டாள். பிறகு சொன்னாள். ஊரடங்கை இன்று காலை சில மணி நேரம் தளர்த்தினார்கள். அந்த நேரத்தில், விமானம் பிடிக்க ஜோர்டான் தலைநகர் அம்மானுக்குப் போகும் வண்டியில் அவளை ஏற்றிவிட்டோம். இரண்டு மணி நேரம் ஆகிறது. இப்போது ஜோர்டான் ஆற்றுப் பாலத்தைத் தாண்டியிருப்பாள். சேதி சொல்ல எங்களுக்கு வழியில்லை.

பூத்தை விட்டு வெளியே வந்து உக்கடம் குளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் மகள் நான் இறந்துவிட்டேன் என்று நினைத்து அழுதுகொண்டு எங்கோ ஒரு வண்டியில் போய்க்கொண்டிருக்கிறாள். தாயாக எனக்கு நெஞ்சு வெடித்திருக்க வேண்டும். வெடிக்கத்தான் செய்தது. ஆனால் அதற்கு அடியில், வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், ‘வந்துவிடுவாள்’ என்று ஒரு திருட்டுச் சந்தோஷமும் இருந்தது. அண்ணனைத் திட்ட வேண்டும் என்று போனவள், வீட்டில் அவருக்கு இன்னொரு இட்லி வைத்தேன்.

மகள் வருகிறாள் என்று தெரிந்ததும் கூட்டம் கலையும் என்று நினைத்தேன். விசாரிக்க வந்தவர்கள் அவளைப் பார்க்காமல் எப்படிப் போவார்கள்? ஈரோட்டில் இருந்தும் இரண்டு குடும்பம் வந்து சேர்ந்தது. செவ்வாய்க்கிழமை வெயில் கடுமையாக இருந்தது. பள்ளியிலிருந்து நான் திரும்பி வருவதற்குள் அண்ணன் வாசலில் ஷாமியானா போட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகளும் இறக்கிவிட்டார்.

“அண்ணா, கழட்டுங்க இதை! பாக்கற புள்ள என்ன நெனைக்கும்?”

“வயசானவங்க வெயில்ல உக்காந்திருக்கறாங்க அம்மணி. நீ வாசல்ல நின்னுக்க. உன்னையப் பாத்ததும் எல்லாம் சரியாயிரும்.”

அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. விமானக் கணக்குப்படி அவள் வந்து சேரக்கூடிய புதன்கிழமை, பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, காலை ஏழு மணியிலிருந்து கேட்டருகே நின்றேன். உயிரோடு இருப்பவள் என்று பத்தடி தூரத்திலேயே தெரிய வேண்டும் என்பதற்காக, தீபாவளிக்கு எடுத்த கிளிப்பச்சைப் புடவையைக் கட்டி, தலை நிறைய மல்லிகை வைத்திருந்தேன். தெருவில் போன பால்காரர், “விசேசங்களா?” என்றார். பத்து மணி வரை நின்றேன். கால் மரத்தது. ஒரே ஒரு நிமிடம், கொல்லைப்புறம் போய்விட்டு வரலாம் என்று உள்ளே போனேன்.

டாக்ஸி அந்த நிமிடத்தில்தான் வந்தது.

பிறகு என் வீட்டுக்காரர் சொல்லித் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். மகள் இறங்கினாள். ஷாமியானாவைப் பார்த்தாள். வரிசையாக உட்கார்ந்திருந்த ஆண்களைப் பார்த்தாள். அவர்களும் இவளைக் கண்டதும், என்ன பேசுவதென்று தெரியாமல், மொத்தமாக எழுந்து நின்று தரையைப் பார்த்தார்கள். அண்ணி ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு, “வந்துட்டியா என்ற கண்ணு” என்று ஓங்கி அழுதாள். பத்திரமாக வந்து சேர்ந்த சந்தோஷ அழுகைதான். ஆனால் எங்கள் ஊரில் எல்லா அழுகைக்கும் ஒரே ராகம். மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். மகள் பையைக் கீழே போட்டுவிட்டு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அப்பாவுக்கு வாய் வரவில்லை; கையை மட்டும் உள்பக்கம் காட்டினார். அதையும், அம்மாவின் உடல் உள்ளே இருக்கிறது என்றுதான் அவள் எடுத்துக்கொண்டாள்.

சத்தம் கேட்டு, ஈரக் கையோடு நான் ஓடிவந்தேன்.

கிளிப்பச்சைப் புடவையில் என்னைப் பார்த்தவள், எழுந்து வந்து என் கன்னத்தைத் தொட்டாள். பிறகு நாடி பிடிப்பது போல மணிக்கட்டைப் பிடித்தாள். இளைத்திருந்தாள். கண்கள் வீங்கி, மூடியே இருந்தன என்று சொல்லலாம்.

“கண்ணு, அம்மா நல்லா இருக்கறேன். மாமன்தான் ஒரு பொய்...”

அவள் திரும்பி மாமனைப் பார்த்தாள். ஆறு ஏக்கர் தென்னைக்காரர், முதல் முறையாக, ஒரு நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார்.

“ஞாயித்துக்கெழமை சாயங்காலம் சேதி வந்துச்சு” என்றாள் மகள். சத்தம் போடவில்லை. “வெளிய தலை காட்டக் கூடாது. ஆனா பின்பக்கச் சந்துல சுவரு ஏறிக் குதிச்சு, அந்தத் தெருவே எங்கிட்ட வந்துச்சும்மா. விசாரிக்க. அங்க எழவு ஊட்டுல குடிக்கற, சர்க்கரை போடாத காப்பி வெச்சுட்டு, விடியற வரைக்கும் எங்கூட உக்காந்திருந்தாங்க. நான் தங்கியிருக்கற ஊட்டம்மா, உன்னைய ஒரு தடவைகூடப் பாக்காதவங்க, உனக்காக அழுதாங்க. அந்த மரத்துக்காரத் தாத்தாவோட வாக்குமூலம் பாதியில நிக்குது. அவருதான் வண்டிக்கு என்ற பெட்டியத் தூக்கிட்டு வந்தாரு. இப்ப நான் அவங்க மூஞ்சியில எப்படி முழிக்கறது?”

அண்ணன் நாற்காலிக்குப் பின்னாலிருந்தே, “திரும்பிப் போகணுமா சாமி?” என்றார்.

“போகணும் மாமா. அடுத்த வாரமே.” பிறகு என் மணிக்கட்டை விடாமலே என் பக்கம் திரும்பினாள். “நீயும் கூட வர்றே. நேர்ல பாத்தாத்தான் நீ சாகலைன்னு நம்புவாங்க.”