நூறு வரைக்கும் ஒரு டிக்கெட்

எங்கள் குடும்பத்தில் ஆண்கள் யாரும் அறுபதைப் பார்த்ததில்லை. தாத்தா ஐம்பத்தாறு, அப்பா ஐம்பத்தெட்டு. கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுவருஷம், ஐம்பத்தொன்பதில், எனக்கும் நெஞ்சு அடைத்தது. சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்துக் காப்பாற்றிவிட்டார்கள்.

அறுபது தாண்டியதும் எனக்குப் பேராசை பிடித்துக்கொண்டது. நூறு வரை இருப்பது என்று முடிவு கட்டினேன். அதோடு நிற்காமல் கடலூர் திருப்பாதிரிப்புலியூர் தேரடியில் கண்டவரிடமெல்லாம் அதைச் சொல்லவும் செய்தேன். காலையில் ஆறு கிலோமீட்டர் நடை, முளைகட்டிய பயறு, செல்போனில் ஜப்பான் கிழவர்களின் வீடியோ. மச்சான் பூவரசன் பண்ருட்டியிலிருந்து தூக்கிவந்த பலாப்பழத்தை, சர்க்கரை ஏறும் என்று வாசலோடு திருப்பி அனுப்பினேன். அவன் என் மனைவி தனத்தின் தம்பி. அவள் வாசல்வரை போய் அந்தப் பழத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தாள். எனக்குச் சமைத்ததையே அவளும் சாப்பிட்டாள். அதனால் அவளுக்கும் நூறு நிச்சயம் என்று நானே தீர்மானித்துக்கொண்டேன்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிதம்பரத்தில் செக்கப். நான் முப்பது வருஷம் டிக்கெட் கிழித்த அதே ரூட்டில் போவோம். துணைக்குத் தனம் வருவாள். ஃபைலும் தயிர்சாதமும் இருக்கிற பையை மடியில் வைத்துக்கொண்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். நான் உள்ளே போய் டாக்டர் சத்யப்பிரியாவிடம் எப்போதும் ஒரே கேள்வியைக் கேட்பேன்.

“நூறு வருமா டாக்டர்?”

“ஐயா, நாங்க பண்றதெல்லாம் நீங்க நடுவழியில எறங்காம பாத்துக்கிறதுதான். கடைசி ஸ்டாப்ப இன்னும் யாராலயும் ஜாஸ்தி தள்ளிவெக்க முடியல. எம்பது, எம்பத்தஞ்சு வரைக்கும் நல்லபடியா நடமாடுனீங்கன்னா அதுவே பெருசு.”

எனக்கு அது பிடிக்கவில்லை. சின்ன வயசு டாக்டர், அனுபவம் போதாது என்று பஸ்ஸில் தனத்திடம் குறை சொல்லிக்கொண்டு வந்தேன்.

இந்த வருஷம் தனத்துக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. “நடக்க வான்னா வர்றியா? ஒனக்கு ஒடம்பு வணங்கல” என்று திட்டினேன்.

அடுத்த செக்கப் முடிந்ததும் டாக்டர் என்னோடு பேசிக்கொண்டே வராந்தாவுக்கு வந்தார். பேச்சை நிறுத்திவிட்டுத் தனத்தின் காலைப் பார்த்தார்.

“அம்மா, கால் எத்தினி நாளா வீங்கியிருக்கு?”

“ஆறு மாசமா இருக்கும்மா.”

“ஏன் சொல்லல?”

“இவுரு செக்கப்புக்குத்தான வர்றோம்.”

உடனே எக்கோ எடுத்தார்கள். இதய வால்வு சுருங்கியிருந்தது. மாற்றினால் பத்துப் பன்னிரண்டு வருஷம் நன்றாக இருக்கலாம், விட்டால் இரண்டு வருஷமே சந்தேகம் என்றார் டாக்டர். அறுபத்தாறு வயதில் முதல்முறையாக அவள் பெயருக்கு ஒரு ஃபைல் போட்டார்கள்.

ஓடுகிற பஸ்ஸில் எழுபது தலையை ஒரே பார்வையில் எண்ணுகிற ஆள் நான். டீ குடிக்க இறங்கியவன் ஏறவில்லை என்றால் அடுத்த ஸ்டாப்பான முதுநகர் தாண்டுவதற்குள் கண்டுபிடித்துவிடுவேன். பதினோரு வருஷம் பக்கத்து சீட்டில் வந்த தலையை எண்ணவே இல்லை. இந்த மூளையை நூறு வருஷம் காப்பாற்றத்தான் அத்தனை முளைப்பயறு தின்றிருக்கிறேன்.

ஆபரேஷன் அன்று பையை மடியில் வைத்துக்கொண்டு அதே பெஞ்சில் நான் உட்கார்ந்தேன். அதற்கு மேலே ஃபேனே கிடையாது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஐந்து மணி நேரம். என் நெஞ்சு அடைத்தபோதுகூட நான் அவ்வளவு பயப்படவில்லை.

நான்காம் நாள் அவளை வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். டாக்டர் சொன்ன பன்னிரண்டை என் எழுபதோடு கூட்டிப் பார்த்தேன்.

“எனக்கு எம்பத்திரண்டு போதும் தனம்” என்றேன்.

அவள் கண்ணைத் திறக்காமலே கேட்டாள். “ஏன், அதுக்கு மேல தயிர்சாதம் கட்ட ஆள் இருக்காதுன்னு பயமா?”

ஆமாம் என்றேன். அது மட்டும் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெளியே வந்து, பூவரசனுக்குப் போன் போட்டு, உங்க அக்காவுக்கு நல்ல பலாப்பழமாக ஒன்று பார்த்து வை என்று சொன்னேன்.