ஏழாம் கேள்வியும் தர்ஷினியின் அம்மாவும்

1. இலங்கை மலையகத்தில், கொட்டகலையில் ஓர் இலவச ஆங்கில வகுப்பு. பிள்ளைகளைத் தெரிவு செய்ய ஒரு பரீட்சை வைத்தார்கள்.

2. வட்டவளைப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த தர்ஷினிக்கு ஒரே ஒரு புள்ளியால் இடம் கிடைக்கவில்லை.

3. தெரிவானவர்களின் பட்டியலை வெளியிடுமுன் விடைகளை அலசிப் பார்க்கும் வேலை என்னிடம் வந்தது. புள்ளிவிபரவியல் படித்தவளை வேறெதற்குக் கூப்பிடுவார்கள்?

4. ஏழாம் கேள்வி உதைத்தது.

விஷயம் இதுதான். மொத்தப் புள்ளி ஒரேயளவாக உள்ள பிள்ளைகளை ஒன்றாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவர்களுக்குள் டவுன் பிள்ளைகளும் தோட்டத்துப் பிள்ளைகளும் ஒவ்வொரு கேள்வியையும் எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஆங்கிலம் சமமாகத் தெரிந்தவர்கள் ஒரு கேள்வியில் மட்டும் பிரிந்து நின்றால்... சந்தேகம் பிள்ளை மீதா, கேள்வி மீதா?

கேள்வி தயாரித்த ஆசிரியர், எல்லாருக்கும் 'சேர்', சிரித்தார். "என்னம்மா, ஒங்க கம்ப்யூட்டருக்கு தோட்டத்து புள்ளைங்க மேல அவ்ளோ பாசமா?"

"அதுக்கு யாரு மேலயும் பாசம் இல்ல சேர். அதான் நம்பலாம்."

இன்னொரு கேள்வியும் இப்படி உதைத்தது. தேடிப் பார்த்தோம்; காரணம் எதுவும் அகப்படவில்லை. அதை அப்படியே விட்டுவிட்டோம். கணக்கு இடத்தைக் கைகாட்ட மட்டும்தான் செய்யும். நடந்து போய்ப் பார்ப்பது நம் வேலை.

ஏழாம் கேள்வியில் மூன்று ஆங்கில வாக்கியங்கள். அம்மா வேலைக்குப் போகிறார். பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். காலையில் நடக்கும் வரிசையில் எழுத வேண்டும். சேரின் விடையில் அம்மா கடைசி. தர்ஷினியின் விடையிலும் பல தோட்டத்துப் பிள்ளைகளின் விடையிலும் அம்மா முதல்.

தர்ஷினியை அழைத்து, சேர் முன்னாலேயே கேட்டேன். "வாக்கியமெல்லாம் வெளங்குச்சா?"

"வெளங்குச்சு டீச்சர்."

"அப்ப ஏன் அம்மாவ மொதல்ல போட்ட?"

எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இதுகூடத் தெரியாதா என்ற பார்வை.

"அம்மா விடியக்காலையிலயே பெரட்டுக்கு, பேர் குடுக்கப் போகணும்ல டீச்சர்? லேட்டானா அன்னைக்கி வேல குடுக்க மாட்டாங்க. அம்மா போன பொறகுதான் நாங்க சாப்புடுவோம். தம்பிக்கி நாந்தான் தல சீவி விடுவேன்."

"அப்ப ஒங்கள ஸ்கூலுக்கு அனுப்புறது யாரு?" என்றார் சேர்.

"நாங்களேதான் போவோம் சேர். அம்மாவுக்குத்தான் நாங்க டாட்டா காட்டுவோம்."

சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எங்க வீட்ல டீச்சரம்மா கடைசியாத்தான் கெளம்புவாங்க," என்றார். தன் மனைவியைச் சொன்னார். "நான் அத நெனச்சு எழுதிட்டேன்."

கெட்ட எண்ணம் ஏதுமில்லை. நம் வீட்டுக் காலைதான் எல்லார் வீட்டுக் காலையும் என்று நினைத்துவிடுகிறோம்... அவ்வளவுதான். ஆங்கிலத்தை அளக்கப் போய், யார் வீட்டில் யார் முதலில் கிளம்புகிறார்கள் என்பதை அளந்திருக்கிறோம்!

இப்போதைய நிலவரம்: இரண்டு வரிசையும் சரி என்று எல்லாத் தாள்களையும் மறுபடி திருத்தியாகிவிட்டது. வகுப்பில் பிள்ளைகள் உட்காரக் கூடுதலாக ஒரு வாங்கு போட்டிருக்கிறார்கள். யாருடைய இடமும் பறிபோகவில்லை. அடுத்த பரீட்சைத் தாளைச் சேர் முதலில் தோட்டத்து லயன் வீடுகளில் இருக்கும் பிள்ளைகள் சிலரிடம் கொடுத்துப் பார்க்கிறார். தர்ஷினி சனிக்கிழமைகளில் வகுப்புக்கு வருகிறாள் – அம்மாவுக்கு டாட்டா காட்டிவிட்டு.