அணைக்கக் கூடாத பெட்டி

பிரேக் டீச்சரைப் பற்றித் தெரியாதவர்கள் அவரோடு ஒரே சோபாவில் உட்காரக் கூடாது. நன்றாகப் பேசிக்கொண்டே இருப்பார். யாராவது டீ கிளாஸை மேசை விளிம்பில் வைத்தால் போதும், அவருடைய வலது கால் தரையை ஓங்கி மிதிக்கும். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. டிரைவிங் ஸ்கூல் காரில் கற்றுக்கொள்பவருக்குப் பக்கத்து இருக்கையில், காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை மட்டும் நம்பி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பிழைப்பு நடத்துகிறவர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் கார் கற்றவர்கள். மீதிப் பாதி, அவர்களைக் கண்டால் ஒதுங்கி நிற்பவர்கள்.

அவருடைய வீட்டுக்காரர் மீட்டர் சார். மின்சார மீட்டர் கணக்கெடுக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். காலமெல்லாம் அடுத்தவர் வீட்டு மீட்டர் சுற்றுவதைப் பார்த்துப் பார்த்து, வீணாக எரியும் விளக்கைக் கண்டால் மனிதருக்கு வயிறு எரியும். குளியலறையில் டீச்சர் தலைக்கு ஷாம்பு போட்டு நிற்கும்போதே விளக்கை அணைத்துவிட்டுப் போன மகானுபாவர். உள்ளிருந்து வந்த வசவை நான் எழுதினால் அச்சடிக்க மாட்டார்கள்.

இந்த வீட்டுக்குள் ஒரு பழைய கம்ப்யூட்டர் வந்து சேர்ந்தது டீச்சரின் தம்பியால். "அக்கா, இதை எடுத்துட்டுப் போறியா, இல்ல குப்பையில போடவா?" என்று பரணில் இருந்து இறக்கிக் கொடுத்தான். தம்பி சின்ன வயதில் கேம் விளையாடிய பெட்டி அது. கீபோர்டே கம்ப்யூட்டர். டிவியில் செருக வேண்டும். செய்த வேலையைப் பத்திரப்படுத்த வேண்டுமென்றால் ஒரு டேப் ரிக்கார்டரை மாட்டி கேசட்டில் ஏற்ற வேண்டும். கூடவே வந்த புத்தகத்தைப் பார்த்து டீச்சர் நாலு எண்களைத் தட்டினார். பெட்டி 'பீப்' என்றது. அன்றோடு டீச்சர் அந்தப் பெட்டியே கதி என்று ஆகிவிட்டார்.

அவருக்குச் சங்கீதம் சுட்டுப்போட்டாலும் வராது. ஆனால் நாள் முழுக்க இண்டிகேட்டரின் டிக் டிக், கியர் மாறாத உறுமல், பின்னால் நிற்பவனின் ஹாரன் எல்லாம் அவர் காதுக்குள் குடியிருந்தன. அவற்றைத்தான் எண் எண்ணாகத் தட்டி மூன்று மாதத்தில் ஒரு பாட்டாக்கினார். கார் கற்க வந்த ஒருவரின் முதல் நாள், அதுதான் பாட்டு. வண்டி கிளம்பும், குலுங்கும், நடுரோட்டில் நின்றுபோகும், மறுபடி கிளம்பும். கடைசியில் வளைவு தாண்டி நேர்ரோட்டில் ஓட ஆரம்பிக்கும்போது கேட்பவருக்கே 'அப்பாடா' என்றிருக்கும். ஆனால் கடைசி வரை கேட்கத்தான் ஆளில்லை. தம்பி பாதியில் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். மீட்டர் சார் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்து, "ஃப்ரிட்ஜ் மக்கர் பண்ணுதா?" என்று கேட்டார்.

அந்தச் சமயத்தில் டீச்சரிடம் கார் கற்க வந்து சேர்ந்தார் ஒரு பல் டாக்டர். அவருக்கு கிளட்சும் வரவில்லை, பிரேக்கும் வரவில்லை. ஆனால் வண்டி நின்றுபோன இடைவெளியில் டீச்சர் பீப் பெட்டியைப் பற்றிச் சொல்லப்போக, டாக்டர் ஸ்டீரிங்கையே விட்டுவிட்டார். பழைய கேம் பெட்டிகளிலும் பழைய கம்ப்யூட்டர்களிலும் பாட்டு போடுகிறவர்களுக்கென்று ஒரு சங்கம் இருக்கிறதாம். சிப்டியூன் என்பார்களாம். அதற்கு டாக்டர்தான் செயலாளராம். "ஞாயித்துக்கிழமை சைக்கிள் கடை மாடியில கூடுறோம் டீச்சர். அவசியம் வந்து வாசிங்க. ஒரே ஒரு கண்டிஷன், பதிவு பண்ணி எடுத்துட்டு வரக் கூடாது. மெஷின்லயே வாசிக்கணும்" என்றார். டீச்சர் காரை அவர் கையில் இருந்து காப்பாற்றி ஓரங்கட்டிவிட்டு, சரி என்றார்.

வீட்டுக்கு வந்த கையோடு, கேசட்டில் இருந்த பாட்டைப் பெட்டிக்குள் கொண்டுவந்து, ஓரிரண்டு இடம் திருத்தி, மறுபடி கேசட்டில் ஏற்றப் போனார். டேப் ரிக்கார்டர் கேசட்டைக் கடித்து மென்று நாடாவை வெளியே துப்பியது. வேறு கேசட் கொடுத்தால் அதையும் மென்றது. அப்போதுதான் டீச்சருக்கு உறைத்தது. பாட்டு இப்போது பெட்டியின் ஞாபகத்தில் மட்டும்தான் இருக்கிறது. கரண்ட் போனால் அந்த ஞாபகமும் போய்விடும்.

"ஏங்க, ஞாயித்துக்கிழமை வரைக்கும் இதை அணைக்கக் கூடாது."

"சரி. தூங்கும்போது அணைச்சுக்கலாம்ல?"

"தூங்கும்போதும் கூடாது."

"வெளிய போகும்போது?"

"அப்பவும்தான்."

மீட்டர் சார் முகத்தில் ஈயாடவில்லை. "எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுக்கிட்டா?"

"எழுதலாம். திரும்பத் தட்ட மூணு மாசம் ஆகுமே, நீங்க தட்டுவீங்களா?" என்றார் டீச்சர். "யாருமே இதை முழுசாக் கேட்டதில்லைங்க. அங்க கேப்பாங்க."

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் மனைவி தன்னிடம் ஒன்றைக் கேட்டு, கேட்கும்போதே கண் கலங்கி அவர் பார்த்ததில்லை. எழுந்து போய் இன்சுலேஷன் டேப்பை எடுத்துவந்து சுவிட்சைச் சுற்றி ஒட்டினார். அதன் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அந்த வாரம் முழுக்கக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தார். போனுக்கு சார்ஜ் போட வந்த பக்கத்து வீட்டுக்காரரை வாசலோடு திருப்பி அனுப்பினார். பழைய ஆபீஸுக்கு போன் போட்டு, "நம்ம தெருவுல இந்த வாரம் லைன்ல கை வெச்சுடாதீங்கப்பா, எனக்காக" என்று கெஞ்சினார். நல்ல மனிதர்கள், ஏன் எதற்கு என்று கேட்காமல் ஒப்புக்கொண்டார்கள். சாயங்காலமானால் டீச்சர் பாட்டைப் போட்டுப் பழகுவார். சார் பிளக்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். நன்றாயிருக்கிறது என்று மறந்தும் ஒரு வார்த்தை வரவில்லை.

ஞாயிறு வந்தது. டீச்சர் இருப்பதிலேயே நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டார். கார் வாசலில் நின்றது. சார் சட்டைக்கையை மடித்துவிட்டு, "பெட்டியை நீ பிடி, நான் வயரைச் சுத்தறேன்" என்று பிளக்கிடம் குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏம்மா."

"சீக்கிரம் வாங்க, நேரமாச்சு."

"இதைப் பிடுங்கணுமே."

டீச்சர் பிளக்கைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். ஒரு வாரம் காவல் காத்த இரண்டு பேர் தலைக்குள்ளும் இது உதிக்கவில்லை. டாக்டரும் லேசுப்பட்டவர் இல்லை, வாரத்தில் மூன்று நாள் காரில் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாக் கதையும் கேட்டு, "அணைச்சுடாதீங்க டீச்சர்" என்று புத்தி சொன்னவர். வயரோடு சுவரையும் பெயர்த்து எடுத்துப் போனால்தான் உண்டு. டீச்சர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். அழவில்லை. வலது கால் மட்டும் மிதித்துக்கொண்டே இருந்தது.

மீட்டர் சார்தான் டாக்டருக்கு போன் போட்டார். விஷயத்தைக் கேட்டதும் டாக்டர் சிரித்தார். சார் சிரிக்கவில்லை. "இது சிரிக்கிற விஷயம் இல்லங்க. அவ பாட்டை இன்னைக்கு நீங்க கேட்டே ஆகணும்" என்றார். அப்படி ஒரு குரல் அவரிடம் இருப்பது டீச்சருக்கே புதுசு. டாக்டர் சிரிப்பை நிறுத்தினார். "அப்ப போனை அணைக்காம அப்படியே டிவி பக்கத்துல பிடிங்க சார். இங்க ஸ்பீக்கர்ல போடறேன். மெஷின்லதானே வாசிக்கிறாங்க, தப்பில்ல."

டாக்டர் தன் கூட்டத்துக்குச் சொல்வது போனில் கேட்டது. "ஒரே நேரத்துல மூணு குரல்தாங்க அந்தச் சிப்ல வரும், அதுக்கு மேல வராது. மூணை வெச்சுக்கிட்டு என்ன பண்ணியிருக்காங்கன்னு கேளுங்க."

சார் டிவியின் முன்னால் முட்டி போட்டு, போனை நீட்டிப் பிடித்தார். டீச்சர் விசைகளைத் தட்ட ஆரம்பித்தார். வண்டி கிளம்பியது, குலுங்கியது, நின்றது. பின்னால் ஹாரன் அடித்தது. டீச்சர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வளைவு தாண்டி நேர்ரோட்டுக்கு வந்து பாட்டு முடிந்தது.

போனில் கைதட்டல் கொட்டியது. அதற்கு நடுவில் டாக்டர் கத்தினார். "டீச்சர், இங்க சண்டையே நடக்குது! மூணு குரல்தான் வரும்னு சொன்னேன், அடியில நாலாவதா ஒண்ணு வந்துச்சே! கொஞ்சம் கரகரன்னு, சுருதி விலகி, ஆனா ஒரு இடத்துலயும் விடாம. அதை எப்படிப் போட்டீங்க?"

டீச்சர் திரும்பி வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"என்னை ஏன் பாக்கிற? நான் போனைத்தானே பிடிச்சுட்டு இருந்தேன்" என்றார் சார். சத்தியமாக அவருக்குத் தெரியவில்லை.

"அது மெஷின் இல்ல டாக்டர்" என்றார் டீச்சர். "எங்க வீட்டுக்காரர்."

இன்னொரு தடவை வேண்டுமென்று மாடியில் கூச்சல் எழுந்தது. அந்த நாலாவது குரலும் கட்டாயம் வேண்டுமாம். சார் மாட்டேன் என்றார், தொண்டை சரியில்லை என்றார், பிறகு மெதுவாகத் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். இரண்டாம் முறை தெரிந்தே பாடினார். படுமோசமாக இருந்தது. ஹாரன் வர வேண்டிய இடங்கள், வண்டி நிற்கும் இடங்கள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். டீச்சருக்குத் திரையில் ஒரு எழுத்தும் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே விசைகளைத் தட்டினார்.