அட்டையைப் பார்த்த நிமிடம்

காலை 5.40. நாகர்கோவில் சந்திப்பில் இறங்கும்போதே எரிச்சலோடுதான் இறங்கினேன். இரவு முழுக்க மடியில் ஒரு பெட்டி. உள்ளே ஒரு கண்ணாடி. அதை மாட்டிக்கொள்பவரின் கண்மணி எந்தப் பக்கம் போகிறது என்று அதிலுள்ள குட்டிக் கேமராக்கள் படம் பிடிக்கும். 'இயல்பான சூழலில் பார்வை' என்று எங்கள் சென்னை ஆய்வுக்கூடத்துப் பேராசிரியர் இந்த வேலைக்குப் பெயர் வைத்திருக்கிறார். பெயர் வைத்தவர் ஏசி அறையை விட்டு இறங்கியதில்லை. இறங்கத்தான் நான் இருக்கிறேனே.

இராஜாக்கமங்கலம் துறைக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு முந்நூற்றைம்பது ரூபாய்.

"பொட்டியில என்ன மக்ளே?" என்றார் ஓட்டுநர்.

சொன்னேன்.

"எங்க பாக்கியான்னு ஆளுட்ட கேட்டா சொல்லிருவாம்லா. இதுக்கு ஒரு மிசினா?"

பெட்டியை மடியில் நேராக்கி வைத்துக்கொண்டேன்.

6.45. இந்தத் துறையில் கரமடி போடுகிறார்கள். கரையில் நின்று இரண்டு பக்கமும் கயிறு பிடித்து இழுக்கும் பெரிய வலை அது. மீன் கூட்டம் வருவதைப் பார்த்துச் சொல்பவர் சூசை அண்ணன், ஐம்பத்தெட்டு வயது. மணல்மேட்டில் நின்று தண்ணீரின் நிறத்தைக் கவனிப்பார். நிறம் கறுத்தால் தோள் துண்டை எடுத்து வீசிக் காட்டுவார். கடலில் வலையோடு வள்ளத்தில், அதாவது படகில், இருப்பவர்களுக்குக் கூட்டம் தெரியாது. துண்டைப் பார்த்துத்தான் வலையை வளைப்பார்கள். நாலு நாளாக வலையின் மடி வெறுமையாக வந்திருந்தது. இருபது பேருக்கு மேல் கயிற்றருகே காத்திருந்தார்கள். சூசை அண்ணனின் மனைவி லில்லி அக்கா, மீன் அள்ளும் அலுமினியச் சருவத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார்.

கண்ணாடியை அண்ணனுக்கு மாட்டிவிட்டேன். அதிலிருந்து ஒரு வயர் செல்போனுக்குப் போக வேண்டும். செல்போனைச் சட்டைப் பையில் வைக்கவும் என்கிறது குறிப்பேடு. அண்ணன் சட்டை போடவில்லை, கட்டியிருந்தது வெறும் சாரம், கைலிதான். தோளில் கிடந்த துண்டை எடுத்து, செல்போனை அதில் சுருட்டி, அவர் இடுப்பில் இறுக்கிக் கட்டினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

7.30. வெயில் ஏறியது. கேமரா நம் கண்ணுக்குத் தெரியாத தன் வெளிச்சத்தில்தான் கண்மணியைத் தேடும். வெயிலில் அந்த வெளிச்சம் எடுபடவில்லை. போதாததற்கு வியர்வை. கண்ணாடி மூக்கில் வழுக்கிக்கொண்டே இருந்தது. வழுக்கும்போதெல்லாம் திரும்பவும் சரிபார்க்க வேண்டும். அதாவது, நான் பிடிக்கும் அட்டையிலுள்ள கறுப்புப் புள்ளியை அவர் தலையைத் திருப்பாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

பேராசிரியருக்குப் போன் போட்டேன்.

"ஒரு தொப்பி போடச் சொல்லும்மா. தலைய ஆட்டக் கூடாதுன்னு சொல்லு. கண்ணைச் சுருக்குவார், அதான் பிரச்சினை."

வெயிலில் கடலைப் பார்ப்பவர் கண்ணைச் சுருக்காமல் என்ன செய்வார்? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

8.20. ஐந்தாவது முறையாக அட்டையை நீட்டினேன்.

"கடலப் பாக்கணுமா மக்ளே, ஒனக்க அட்டையப் பாக்கணுமா?"

"ஒரே நிமிஷம் அண்ணே. அட்டைய மட்டும் பாருங்க."

பார்த்தார். சொன்ன சொல் தட்டாமல், தலை அசையாமல் பார்த்தார். கயிற்றுப் பக்கமிருந்து யாரோ கத்தியதும்தான் திரும்பினார். தண்ணீரில் கறுப்பு கிழக்கே நகர்ந்துகொண்டிருந்தது. அவர் கை தோளுக்குப் போனது. துண்டு இடுப்பில், என் முடிச்சில் இருந்தது. அவிழ்ப்பதற்குள் கூட்டம் போய், தண்ணீர் பழைய நிறத்துக்கு வந்துவிட்டது.

யாரும் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். லில்லி அக்கா எழுந்து சருவத்தை இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"நீ என்ன செய்வ மக்ளே. ஒனக்கும் சொன்ன வேல பாக்கணும்லா."

அண்ணன் கண்ணாடியைக் கழற்றி, சாரத்து நுனியால் வியர்வையைத் துடைத்து, இரண்டு கையாலும் தந்தார். "ஒண்ணும் ஒடயல, பாத்துக்க."

11.15. நாகர்கோவிலுக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. பதிவை ஏற்கெனவே அனுப்பியிருந்தேன். பேராசிரியரிடமிருந்து செய்தி வந்தது. பெரும்பாலும் வீண், ஆனால் 8.20-லிருந்து ஒரு நிமிடம் அருமை, பார்வை கொஞ்சமும் சிதறவில்லை, இதேபோல் இன்னும் பத்துப் பேரிடம் வேண்டும்.

அந்த நிமிடம் அவர் கடலையே பார்க்கவில்லை சார் என்று எழுதினேன்.

அதனால் என்ன, பதிவு தெளிவாக இருக்கிறதே என்று பதில் வந்தது.