லென்ஸ் எனக்கு, பதில் அவருக்கு

நாளை சேலியமேட்டில் ஒரு காதுகுத்து. படம் எடுப்பது நான். அதற்காக இன்று வில்லியனூரில் ஒரு கேமரா கடைக்கு 50 எம்எம் பிரைம் லென்ஸ் வாங்கப் போனேன். பைக் ஓட்டி வந்தவர் என் கணவர்.

"என் கேமராவுல மோட்டார் கெடையாதுண்ணா. லென்ஸ்லயே மோட்டார் இருக்கணும், அப்பதான் ஆட்டோஃபோகஸ் வரும்" என்றேன்.

கடைக்காரர் என் கணவரைப் பார்த்தார். "இது மாட்டும் சார்."

"மாட்டும்ணா. ஃபோகஸ் ஆவுமா?"

"நான் இன்னா பொய்யா சொல்றேன்? பாருங்க சார்."

டக்கென்று மாட்டிக் கொடுத்தார். பட்டனைப் பாதி அழுத்தினேன். லென்ஸ் அசையவே இல்லை. கடைக்காரர் முகம் மங்கலாகவே தெரிந்தது.

"கையால திருப்பிக்கலாம் சார்."

அதுவும் என் கணவரிடம்தான்! காது குத்தும்போது துள்ளுகிற குழந்தை, நான் திருப்பி முடிக்கும்வரை காத்திருக்குமா?

என் கணவரே நெளிந்தார். "அண்ணே, எனக்கு அதோட மூடியக்கூட கழட்டத் தெரியாது. அவளாண்ட பேசுங்க."

கடைக்காரர் சிரித்தார். "மேடத்துக்குப் புரியறாப்ல நீங்களே சொல்லிடுங்க சார்."

லென்ஸைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மோட்டார் உள்ள 50 எம்எம் யாரிடமாவது இருந்தால் நாளைக்கு மட்டும் இரவல் கொடுங்கள். பதிலை எனக்குப் போடுங்கள். என் கணவரை டேக் செய்தால் பிளாக்தான்.